பாவ்லிக்கு என்ன வயசு

"நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பூவநாதன் எழுந்து படியேறிப் போனார். செண்பகவல்லி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் முதல் வளைவு வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டது, அதற்கு மேல் புறாக்களின் சிறகடிப்போடு சேர்ந்துகொண்டது, பிறகு மேலே ஓடிக்கொண்டிருந்த டெல்லியோடு கலந்து காணாமல் போயிற்று. போறேன். போயிட்டு வாரேன் இல்லை. கொஞ்சம் இருங்க, வந்துடறேன் இல்லை. போறேன். அவள் பிறந்து வளர்ந்த கோவில்பட்டியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் ஒரு வாசலைத் தாண்டியதாக அவளுக்கு ஞாபகமில்லை. முக்குக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவர்கூட வாரேன் என்பார். இனி இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கிளம்பிய சித்தப்பா, செருப்பை மாட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, அப்ப வாரேன்" என்றார். வாய் தன்னால் அப்படித்தான் சொல்லும். போறேன் என்று ஒருவர் சொன்னால் யோசித்துச் சொல்கிறார் என்று அர்த்தம். அதுவும் ஒரு பெண் தன் உண்மையான வயதைச் சொன்ன அடுத்த நிமிடம் சொன்னால்.

நாற்பத்தாறு. அதைத்தான் சொன்னாள். அண்ணன் ஆவுடையப்பன் இந்தச் சம்பந்தம் பேசும்போது பூவநாதனிடம் சொல்லியிருந்தது நாற்பத்தொன்று. அவளுக்கு இரண்டு வயது கூடினால் அண்ணன் கணக்கில் ஒன்றுதான் கூடும். பல வருடங்களாக அப்படித்தான் நடந்துவருகிறது. போன வாரம் ஊரிலிருந்து போன் செய்தபோதும் அதே நிதானம். "ஏ செம்பகம், பேரைப் பாரு தாயி. நம்ம ஊர்க் கோயில்ல அம்பாள் செண்பகவல்லி, சாமி பூவநாதர். இது நாம போட்ட முடிச்சா? நீ ஒண்ணும் பேசாத. போய் மூஞ்சியை மட்டும் காட்டிட்டு வா. வயசைப் பத்திக் கேட்டா அண்ணன்கிட்டக் கேளுங்கன்னு சொல்லிரு." என் வயசை எதுக்கு உங்ககிட்டக் கேக்கணும் என்று இவள் கேட்டதற்கு, "என்ன சொல்லி வச்சிருக்கேன்னு எனக்குத்தானட்டி தெரியும்" என்றார். கோபம்கூட வரவில்லை. அண்ணனுக்கு அது பொய்யே இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி குறையும் பெட்டியைக் குலுக்கிக் காட்டி விற்பதுபோல ஒரு தொழில் சாமர்த்தியம். பூவநாதனின் அப்பா சர்க்கார் உத்தியோகத்துக்காகக் கோவில்பட்டியிலிருந்து டெல்லிக்கு வந்தவர். மகன் இங்கேயே பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோனதால் அவருடைய தமிழும் அந்த வயதோடு நின்றுவிட்டது. டெல்லி அவர் பெயரைப் புவன்நாத் என்று திருத்திக்கொண்டது. மனைவி இறந்து பல வருடங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இதோடு அவர் போனில் சொன்ன ஒரு வாக்கியம். "சனிக்கிழமை நாலு மணிக்கு நான் உங்களுக்குக் கிடைக்கிறேன்." போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தியில் சந்திப்பதற்கும் கிடைப்பதற்கும் ஒரே வார்த்தை, மனிதர் அதை அப்படியே தமிழில் இறக்கிவைத்திருக்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. உறைத்த பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், பால் காய்ச்சும்போது. யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை, தப்பாகக்கூட.

வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வந்தாள். இந்த வயதில் புதிதாக ஒருவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன், எந்தக் குழம்பு ஆகாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. மரியாதையாக ஒரு காபி, மரியாதையாக ஒரு இல்லை. மாலுக்கு வருகிறேன் என்றதற்கு அவர்தான், "மால்ல சத்தம். உங்க வேலையே காது. பாவ்லிக்கு வாங்க" என்றார். பாவ்லி என்றால் என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டு, மெட்ரோவைவிட்டு இறங்கி, சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தவரிடம் தன் ஆஸ்பத்திரி இந்தியில் பாவ்லி எங்கே என்று விசாரித்தாள். அவர் பிழிவதை நிறுத்தினார். "எந்தப் பாவ்லி மேடம்? எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். படிக்கிணற்றுக்கும் பைத்தியக்காரிக்கும் இந்த ஊரில் ஒரே பெயராம். பிறகு அவரே கையைத் துடைத்துக்கொண்டு, கோச்சிங் சென்டர் போர்டுகளுக்கும் வரிசையாக நிறுத்திய பைக்குகளுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பதைக் காட்டினார். அந்த முனையை அவள் பஸ்ஸில் எத்தனை வருடமாகக் கடந்திருக்கிறாள். ஒரு மதில், அதன்மேல் போஸ்டர்கள், மதிலுக்குப் பின்னால் ஏதோ மரம் என்பதற்கு மேல் கண் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. சந்தின் கோடியில் ஓர் இரும்பு கேட், துருப்பிடித்த நீலப் பலகை, நாற்காலியில் காவலாளி, அவர் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூவநாதன். காதோரம் நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. "லிஃப்ட்காரன் உங்களைப் படியில நடக்க வைக்கிறேன், மாஃப் பண்ணுங்க" என்றார். கேட்டைத் தாண்டினாள். காலடியில் பூமி திறந்துகொண்டது.

அதற்கு வேறு சொல் இல்லை. ஏதோ ஒரு பாழுங்கிணறு என்று நினைத்து எட்டிப் பார்த்தவளுக்கு முன்னால் ஒரு மாளிகை தலைகீழாக மண்ணுக்குள் நின்றது. ஒரு தெரு அகலத்துக்குப் படிகள் இறங்கிக்கொண்டே போயின. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல்லில் சுவர், சுவரில் அடுக்கடுக்காக வளைவுகள், கோடியில் கடைசி வளைவுக்கு அப்பால் வட்டக் கிணறு, அதன் மேல்வாயிலிருந்து ஒரு தூண்போல இறங்கிய வெயில். சுற்றிலும் அடுக்குமாடிகளின் பின்புறங்கள், ஏ.சி. பெட்டிகள், காயப்போட்ட போர்வைகள். எல்லாம் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இத்தனை பெரிய ஒன்றை இத்தனை பேர் எப்படிப் பார்க்காமல் இருக்க முடிந்தது, நான் உட்பட? இறங்க இறங்க நகரம் பிடிபிடியாகக் குறைந்தது. காது கேட்கிறதா என்று ஆட்களைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. அதனால் எது முதலில் போகிறது என்று கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஹாரன் போயிற்று, கேட்டின் கிறீச்சிடல் போயிற்று, ஆட்களின் பேச்சு மழுங்கிப் போயிற்று. வயதாகும்போது காது இழப்பதும் இந்த வரிசையில்தான். கூர்மையானது முதலில், கனத்தது கடைசியில். கீழ்ப் படிகளுக்கு வந்தபோது பூமிக்குள் எங்கோ ஓடும் மெட்ரோவின் அதிர்வு மட்டும் கல்வழியாக உள்ளங்காலில் ஏறியது. வரிசை அதேதான், ஆனால் இங்கே எதையும் இழப்பதாகத் தோன்றவில்லை. காற்று ஈரத் துணிபோல முகத்தில் பட்டது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. எந்த ராஜா, எந்த வருஷம், எத்தனை யானை என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்திருந்தாள். ஆரம்பிக்கவில்லை. வழுக்கும் இடத்தில் மட்டும் செருப்பால் தட்டிக் காட்டிக்கொண்டு ஒரு படி முன்னால் இறங்கினார். அதற்காகவே இல்லை என்பதைச் சற்றுத் தள்ளிப்போடலாம் என்று தோன்றியது. அதை அவள் கவனிக்கவும் செய்தாள்.

சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்மேடை ஓடியது, அதில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் பச்சையாக, அசையாமல், இரண்டு சிப்ஸ் பாக்கெட்டுகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. "நல்லா லகுதா?" என்றார். நல்லா இருக்கிறதா என்று கேட்கிறார். நல்லா இருக்கு என்றாள், நிஜமாகவே. பிறகு அவர் தன் பங்குக்கு ஏதாவது பேச வேண்டுமென்று தேடினார்போல. "இந்தப் பாவ்லியோட வயசு யாருக்கும் சரியாத் தெரியாது. போர்டுல ஒண்ணு எழுதியிருக்கு, கேட்டுல இருக்கிற சௌக்கிதார் வேற ஒண்ணு சொல்றான்" என்றார். அப்போதுதான் அது நடந்தது. திட்டமிட்டு வந்ததில்லை. இருபது வருடமாக அண்ணனுக்கு அடங்கியிருந்த வாய் அந்தக் குளிர்ச்சியில் தானாகத் திறந்துகொண்டது. "எனக்கும் அப்படித்தான். எங்கண்ணன் ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு. நிஜம் நாற்பத்தாறு." அவர் அவளைப் பார்த்தார். "அச்சா" என்றார். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், நெற்றி சுருங்கியது, மறுபடி பார்த்தார். நேரம் பார்க்கிறார் என்று நினைத்தாள். நேரம் பார்த்துவிட்டு, "நான் போறேன்" என்றார். போய்விட்டார்.

அச்சா. இந்த ஊருக்கு வந்த புதிதில் அவளை மிகவும் அலைக்கழித்த வார்த்தை அதுதான். நல்லது என்பதற்கும் அச்சா, அப்படியா என்பதற்கும் அச்சா, போதும் நிறுத்து என்பதற்கும் அச்சா, போனை வைக்கிறேன் என்பதற்கும் அச்சா. தூக்கிச் சொன்னால் ஒன்று, இழுத்துச் சொன்னால் ஒன்று. அவர் சொன்னது இழுத்ததா, வெட்டினதா? திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது. முதலில் மென்மையாக இருந்தது நாலாவது தடவையில் கதவு சாத்துவதுபோல ஆகிவிட்டது. இது எனக்கு ஏன் வலிக்க வேண்டும், நான்தானே வேண்டாம் என்று சொல்ல வந்தவள்? அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அலுப்பு மிச்சம். அண்ணனிடம், வயதைச் சொன்னேன், போறேன் என்று போய்விட்டார் என்று சொன்னால் போதும். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "வாயை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதாட்டி?" அண்ணன் நல்லவர். அவர் குறைத்த வருடங்கள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று விளையாட்டாக யோசித்தாள். அந்த ஐந்து வருடத்தில் ஒரு வருடம் முழுக்க அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள், ஒரு வருடம் இந்தி கற்றுக்கொள்கிறேன் என்று தோற்றாள், ஒரு வருடம் குறிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் நன்றாக இருந்தாள். அதை எப்படி ஒருவர் கழித்துவிட முடியும்? கல்மேடையின் விளிம்பில் கை வைத்தபோது உள்ளங்கை ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. மழமழவென்று, கன்னம்போல இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. குடம் வைத்த இடங்கள். தண்ணீரோடு ஏறுகிறவர்களுக்கு இந்த இடத்தில் மூச்சு வாங்கும், இடுப்பிலிருந்து குடத்தைக் குனியாமல் நகர்த்திவைக்க இந்த உயரம் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நினைத்தவரின் பெயர் போர்டில் இல்லை. போர்டில் இருந்தால் அது கட்டச் சொன்னவரின் பெயராகத்தான் இருந்திருக்கும். நினைத்தவர் வேறு.

படிகள் தண்ணீருக்குள்ளும் போவதை அப்புறம்தான் பார்த்தாள். பச்சைக்குக் கீழே ஒரு படி மங்கலாகத் தெரிந்தது, அதற்குக் கீழே இருப்பதாக ஒன்று தோன்றியது, அதற்கும் கீழே கண்ணுக்கு எட்டவில்லை. அவளுக்குத் திடீரென்று இந்தக் கட்டடம் முழுவதும் புரிந்தது. இது மேலே இருப்பவர்களுக்காகக் கட்டியது இல்லை. தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியாததற்காகக் கட்டியது. கோவில்பட்டியில் அவர்கள் தெருக் கிணற்றில் சித்திரை பிறந்தால் கயிறு எட்டாது. ஒரு கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிவார்கள், முடிச்சு உருளையில் ஏறாமல் சிக்கும், இரண்டு பெண்கள் அதை விரலால் தள்ளிவிட வேண்டும். அப்படியும் வாளி தண்ணீரில் விழும் சத்தம் வராது, சேற்றில் விழும் சத்தம் வரும். தொப். அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஒன்றும் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு கலைவார்கள். ஒரு கிணற்றோடு வாழ்வது என்றால் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். தண்ணீர் இறங்கிவிட்டால் நமக்கு எட்டாது, முடிந்தது. இங்கே யாரோ, மழை நன்றாகப் பெய்த ஒரு வருடத்தில், நிறைந்த தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டு வறண்ட வருடத்தை நினைத்திருக்கிறார். அது இறங்கினால் நாமும் இறங்கிக்கொள்ளலாம். அது எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு படி இருக்கட்டும். அதற்காக மண்ணை இவ்வளவு தூரம் வெட்டி, சுவர் சரியாமல் இருக்க ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் உள்வாங்கிக் கட்டி, அந்தப் பாரத்தையெல்லாம் வளைவுகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும்படி செய்து, குடத்தோடு ஏறுகிறவர்களும் குடமில்லாமல் இறங்குகிறவர்களும் இடித்துக்கொள்ளாத அகலத்துக்குப் படிகள் வைத்து. எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்த வெளிச்சத்தில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். கிளிகள் ஒரு பொந்திலிருந்து இன்னொரு பொந்துக்குப் பச்சைக் கோடு இழுத்துக்கொண்டு போயின. கல்லின் இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. அதையும் கல் விட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்தது, அது அவர் போனதற்கா இதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பெண் இவ்வளவு நேரம் தனியாகக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் அக்கம்பக்கம் ஓடிவந்திருக்கும், கையைப் பிடித்து இழுத்து, என்னத்துக்குத் தாயி இந்தப் புத்தி என்று அழவும் ஆரம்பித்திருக்கும் என்று நினைத்து உதட்டுக்குள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் லேசாகப் பயம் வந்தது. வெயில் தூண் கிணற்றுச் சுவரில் பாதி ஏறிவிட்டது. இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டுவார்கள். கீழே ஒரு பெண் இருப்பது காவலாளிக்கு ஞாபகம் இருக்குமா? கூட வந்தவர் தனியாகத் திரும்பிப் போவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மேலே காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். யாரும் வரவில்லை. மறுபடி கேட்டது, மறுபடி யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்லி ஆட்களை உட்காரவைப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அமுக்குகிறவர்கள் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். பொய் இல்லை. அவர்களுக்குக் கேட்கத்தான் கேட்கிறது. கேட்க வேண்டும் என்று அவ்வளவு கவனமாகக் காத்திருந்தால் காது பொறுக்க முடியாமல் தானே ஒன்றைத் தயாரித்துக் கொடுத்துவிடும். ஆகையால் இப்போது மேலேயிருந்து யாரும் இறங்கவில்லை. சரி. இங்கே அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதும் அப்படியானால் தெளிவாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வந்தவள் காத்திருக்க மாட்டாள்.

எழுந்தாள். முழங்கால் சொடக்கு விட்டது. நாற்பத்தொன்றாக இருந்தாலும் விட்டிருக்கும் என்று அண்ணனுக்குச் சாதகமாக ஒரு நினைப்பு. இறங்கும்போது சுவரைப் பார்த்தவள் ஏறும்போது படியைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்து, ஓரத்தில் கூர்மையாக இருந்தது. ஓரமாக நடக்க யாருக்கும் தேவை இருந்திருக்காது. மூச்சு வாங்கத் தொடங்கும் நேரத்தில் படிகள் நின்று ஓர் அகலமான தளம் வந்தது, கேட்டு வாங்கினதுபோல. அங்கே நின்றாள். அப்போது கேட்டது, இந்தத் தடவை காது தயாரித்தது இல்லை. மேல் விளிம்புக்கு அந்தப் பக்கம், கேட்டுக்கு அருகில், ஓர் ஆண் குரல் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது. யாரோ என்று நினைத்தாள். நிறைந்த, அவசரமில்லாத, தன் வீட்டுக்குள் இருட்டில் நடமாடுகிற ஒருவரின் குரல். "லைட் எரியுதில்ல? ஃபேன் சுத்துதில்ல? அப்ப காத்து இருக்கு, பயமே வேண்டாம். கையில என்ன இருக்கு? பாலா? கீழ வச்சிடுங்க. சுவத்துல சாஞ்சு உட்காருங்க. அது விழாதும்மா. விழாம இருக்கத்தான் அது நின்னிருக்கு. இல்லை, வைக்க மாட்டேன். எங்கயும் போக மாட்டேன். ஆள் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் லைன்லயே இருப்பேன். பேசிட்டே இருங்க. வீட்ல என்ன சமையல் இன்னிக்கு?" கொஞ்சம் கழித்து, "ராஜ்மாவா? எனக்கு எடுத்து வைப்பீங்களா?" பூவநாதன்தான். செண்பகவல்லி தளத்தின் சுவரில் கை வைத்துக்கொண்டாள். கீழே தமிழில் பேசியபோது சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடக்கிறவர்போல ஒவ்வொரு வார்த்தையாகத் தடவி நடந்தவர், இங்கே இந்தியில் முழு ஆளாக நின்றார். அவளுக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது. அந்தக் குரலுக்குக் கீழே யாரும் ஒரு பயத்தை இறக்கிவைத்துவிடலாம். எங்கேயோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே, அவள் பார்க்காத ஓர் அம்மா இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். கீழே டவர் இல்லை, கம்பெனியிலிருந்து எந்நேரமும் கூப்பிடலாம், அதனால்தான் ஏறிப்போனார். போறேன் என்பது அவர் வாயில் வெறும் இந்தி, தமிழ்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அப்படியானால் அச்சா? அது அப்படியே இருந்தது. அதற்கு இந்தக் குரலில் பதில் இல்லை.

விளிம்பில் வந்து நின்றவர் அவளைப் பார்த்துவிட்டார். வெளிச்சத்துக்கு எதிராக நின்றதால் முகம் தெரியவில்லை.

"ஒரு அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. இப்ப நம்ம ஆள் அங்க போயிட்டான், பேசிட்டிருக்கான். ரொம்ப நேரம் ஆச்சா உங்களுக்கு?"

"சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றாள்.

"சொன்னேனே. போறேன்னு சொன்னேன்."

அவர் இரண்டு படி இறங்கினார். இப்போது முகம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கேள்வி புரியாமல் எழுந்து நிற்கிறவர்களின் முகம்.

"செண்பகா ஜி, ஒண்ணு கேட்கணும். கீழே நீங்க ஒரு நம்பர் சொன்னீங்க."

"நாற்பத்தாறு."

"ம், அதேதான். எனக்குத் தமிழ்ல பத்து வரைக்கும்தான் வரும். அம்மா அவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்க. கேட்கிறதுக்கு வெட்கமா இருந்துச்சு, அதான் அச்சான்னு சொல்லிட்டேன். அது என்ன, உங்க வீட்டு நம்பரா?"

சிரிப்பு வரவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்து வைத்த ஒன்றை அவர் பார்க்கவே இல்லை. அது அங்கேயே, கல்மேடையில், குடத்துப் பள்ளத்தில் கிடந்தது. இப்போது எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆமாம், வீட்டு நம்பர் என்று சொல்லலாம். அண்ணன் சொன்னதையே அண்ணன் சொன்னபடி சொல்லலாம், யாருக்கும் ஒரு குறைவும் இல்லை. அண்ணன் ஊரிலிருந்து தலையாட்டுவது தெரிந்தது. முதல் தடவை வாய் தானாகத் திறந்துகொண்டது. அதில் அவளுக்குப் பெருமை இல்லை. இரண்டாவது தடவை தெரிந்தே திறக்க வேண்டும்.

"சத்தீஸ்" என்றாள், இந்தியில்.

"சத்தீஸா? தர்ட்டி சிக்ஸ்?" அவர் விழித்தார். "என்ன தர்ட்டி சிக்ஸ்?"

"என் வயசு."

"உங்க அண்ணன் ஃபார்ட்டி ஒன்னு சொன்னாரே. ஒரு வாரத்துல இவ்வளவு இறங்கிட்டீங்க?"

அவளுடைய இந்தி எண்கள் எப்போதுமே காலை வாரிவிடும். முகம் சுட்டது. "இல்லை, இல்லை. தப்பாச் சொல்லிட்டேன். ஃபார்ட்டி சிக்ஸ். எங்கண்ணன் உங்ககிட்டச் சொன்னது பொய். எனக்கு ஃபார்ட்டி சிக்ஸ்."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல எந்த மொழியும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டார் என்பது தெரிந்தது. அவளைத் தாண்டி, தளத்தைத் தாண்டி, கீழே தண்ணீர் இருந்த பக்கம் பார்த்தார். காவலாளி கேட்டில் சங்கிலியை எடுத்து ஓர் ஆட்டு ஆட்டினார், நேரமாகிறது என்று. கையிலிருந்த போன் அடித்தது. எடுத்தார், "சாவி பொருந்தலையா? மேல் மாடிச் சாவியை எடுத்திருப்பே" என்றார், வைத்தார். ஹெல்மெட்டைக் கக்கத்திலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் போறேன்" என்றார்.

"போறேன்னு சொல்லாதீங்க."

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. ஆஸ்பத்திரிக் குரல் இல்லை. இரண்டு பக்கச் சுவரும் அதை வாங்கி ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டன.

"போக வேண்டாமா?" அவர் திகைத்து நின்றார். "அந்த அம்மா இன்னும் உள்ள..."

"போங்க. போறேன்னு சொல்லாதீங்க. போயிட்டு வாரேன்னு சொல்லணும்."

"போறதுக்கா?"

"போறதுக்குத்தான்."

அவர் யோசித்தார். பிறகு, தெரியாத இடத்தில் கால் வைக்கிறவர்போல, ஒவ்வொரு எழுத்தாக, "போயிட்டு... வாரேன்" என்றார். சரியா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். திரும்பி ஒரு படி ஏறினார், நின்றார்.

"அப்ப, வரும்போது என்ன சொல்லணும்?"

"வரும்போது ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. "வந்தாப் போதும்."